கணவாயும் ஒரு கணவனும்

"கணவாய் திறந்துட்டாங்களாம்" என்றாள் ரோஸ்விதா.

அவள் கணவர் ஹெர்விக், உதட்டுக்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பையைக் குடிக்காமலே தட்டில் வைத்தார்.

முராவ் ஊரில் பனி உருகினால் எல்லாருக்கும் சந்தோஷம். ஹெர்விக்குக்கு மட்டும் வெளியே உருக உருக உள்ளே உறையும். குளிர்காலம் முழுக்க ஊருக்கு மேலே உள்ள சோல்க் கணவாய் பனியில் புதைந்து கிடக்கும். அந்த மாதங்களில் அவரைப் போல நிம்மதியாகத் தூங்குகிறவர் ஆஸ்திரியா தேசத்திலேயே கிடையாது. வசந்தம் வந்து, பனி தள்ளும் வண்டி மேலே ஏறி, கணவாய் வாயைத் திறந்ததோ இல்லையோ, கணவன் வாய் உலர்ந்துவிடும்.

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்ட வினைதான். பள்ளத்தாக்கில் ஓடும் சின்ன ரயிலை வேலைக்காலம் முழுக்க ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பீர்க்கடையில் நடந்த வழியனுப்பு விருந்தில் யாரோ பீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இவர் குடித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று மேஜையைத் தட்டி எழுந்து நின்றார்.

"ராணுவம் ஏலம் விடுற பழைய ஆம்புலன்ஸ் ஒண்ணை வாங்கப் போறேன்! அதை வீடா மாத்தப் போறேன்! ஆல்ப்ஸ்ல ஒரு கணவாய் விடாம ஏறி, என் ரோஸியை அல்பேனியா வரைக்கும் கூட்டிட்டுப் போகப் போறேன்!"

கோப்பைகள் முட்டின. ரோஸ்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஹெர்விக்குக்குத் தலைவலி மட்டும்தான் நினைவிருந்தது. ஆனால் ரோஸ்விதா முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். மதியத்துக்குள் ஊரிலுள்ள தலைகள் அத்தனையிலும் சேதி ஏறிவிட்டது. ஏறின சேதியை இறக்க வழியில்லை. வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆறு சக்கரம். தவளைப் பச்சை நிறம். முதுகில் பெட்டி, பெட்டியின்மேல் சிவப்புச் சிலுவை. பெயர்தான் ஆம்புலன்ஸ், பார்த்த மாத்திரத்தில் ஹெர்விக்குக்கு ஐம்புலனும் அடங்கிவிட்டது.

அவரை வெறும் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. இடிக்குப் பயப்பட மாட்டார். நாய்க்குப் பயப்பட மாட்டார். பல் வைத்தியரிடம் சீட்டியடித்துக்கொண்டே போவார். அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான்: விளிம்பு. ரயிலில் திருப்பம் என்பது தண்டவாளத்தின் பொறுப்பு. ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பள்ளத்தில் இறங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. மலைப்பாதையில் அந்த அதிகாரம் மொத்தமும் ஓட்டுகிறவர் கையில். அதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்து, முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பீர்க்கடை அதிரச் சபதம் போட்டவன் இதை எப்படிச் சொல்வான்?

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை வீடாக மாற்றி முடித்தால்தானே ஓட்ட வேண்டும்? முடிக்காவிட்டால்?

வேலையில் அவர் கெட்டிக்காரர். மலைமரப் பலகையில் அலமாரி செய்தார். இழுத்தால் பூனை நடப்பது போல ஓசையில்லாமல் வரும். மடக்கு மேஜை செய்தார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை, இரண்டு பேர் தாராளமாகப் புரளும் படுக்கை எல்லாம் வந்தன. வந்தவற்றை அவரே கழற்றுவார். ஒரு விரல் தள்ளி மறுபடி பூட்டுவார். முதல் கோடையில் "துரு" என்றார். அடுத்த கோடையில் "தொட்டி ஒழுகுது" என்றார். அதற்கடுத்த கோடையில் "வாயு கசியுது, மூக்கை வெச்சுப் பாரு" என்றார். ரோஸ்விதா மூக்கை வைத்தாள். நாறத்தான் செய்தது.

இதோ அடுத்த கோடை.

"அப்போ இந்த வாரம் கிளம்பலாமா?" என்றாள் ரோஸ்விதா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"கிளம்பலாம், ரோஸி. கிளம்பாம என்ன? ஆனா…"

"ஆனா?"

"பிரேக்."

"பிரேக்குக்கு என்ன?"

"எண்ணெய் ஒழுகுது. மேடு ஏறிடலாம். ஏறிட்டு நிறுத்தணும்னா நிக்காது. இறக்கத்துல சுத்தம். நேரா பள்ளத்தாக்குதான். உன்னை வெச்சுக்கிட்டு அந்த ஆபத்துல நான் இறங்குவேனா? நீயே வந்து பாரு."

கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். முன்சக்கரத்துக்கு அடியில் கரும்பச்சையாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய். ரோஸ்விதா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ஓ" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. கதவை அறையவில்லை. இருபது வார்த்தைக்குப் பதில் ஓர் எழுத்து. ரோஸ்விதா கத்தினால் மழை பெய்து ஓய்ந்த மாதிரி. அவள் "ஓ" என்றால் எங்கேயோ மேகம் திரள்கிறது என்று அர்த்தம்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு வால்புர்கா எட்டிப் பார்த்தாள். புர்கி என்றால்தான் ஊருக்குத் தெரியும். மலைப் பண்ணைகளுக்கெல்லாம் ஏறிப் பால் எடுத்துவரும் டேங்கர் லாரி ஓட்டுகிறவள். அவள் மெதுவாகப் பேசினால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். உரக்கப் பேசினால் அடுத்த மாவட்டத்தில் கேட்கும்.

"என்ன ஹெர்விக், இந்த வருஷமாவது உன் நோயாளியை டிஸ்சார்ஜ் பண்ணுவியா?"

"பிரேக் போயிடுச்சு, புர்கி."

"ஓ" என்றாள் புர்கி.

இரண்டு பெண்களும் ஒரே எழுத்தைச் சொன்னது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தார். ரோஸ்விதா அன்பாக இருந்தாள். அதுதான் பயம். வியாழக்கிழமை மதியம் பன்றி வறுவலும், அதில் தோய்க்க ரொட்டி உருண்டைகளும், பக்கத்தில் கிழங்கு சாலட்டும் வைத்தாள். உருண்டை தீரத் தீரப் போட்டாள். பீர் குறையக் குறைய ஊற்றினாள்.

"இன்னும் ஒண்ணு, ஹெர்வி."

"போதும் ரோஸி, மூச்சு முட்டுது."

"வேலை செய்யற உடம்பு. சாப்பிடு."

வேலை! தினமும் சாப்பிட்டபின் அவர் கொட்டகைக்கு 'வேலை'க்குப் போவார். வண்டிக்குள் ஏறி, தானே செய்த படுக்கையில் தானே விழுந்து, தானே குறட்டை விடுவார். ஒரே ஓர் இடைஞ்சல்: பின்கதவின் உள்பக்கக் கைப்பிடியை மெருகேற்றுவதற்காகக் கழற்றிப் பட்டறை மேஜையில் போட்டிருந்தார். அதனால் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு மரத்துண்டைச் சொருகிவிட்டுப் படுப்பார். அன்றும் சொருகினார். படுத்தார். உருண்டைகள் அவரை இழுத்துக்கொண்டு ஆழத்தில் இறங்கின.

விழித்தபோது உலகம் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் கனவு என்று நினைத்தார். அப்புறம் மாரடைப்பு என்று நினைத்தார். அப்புறம்தான் இன்ஜின் சத்தம் காதில் ஏறியது. அலமாரிக்குள் டப்பாக்கள் கலகலத்தன. பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினார். மரத்துண்டு இல்லை. கைப்பிடியும் இல்லை. பக்கத்தில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

தேவதாரு மரங்கள் தெரிந்தன. அவற்றின் நுனிகள் தெரிந்தன. நுனிகள் அவருக்குக் கீழே இருந்தன.

மரத்தை அந்தக் கோணத்தில் பார்க்கும் உரிமை பறவைக்குத்தான் உண்டு. ஹெர்விக் திரைச்சீலையை இழுத்து மூடினார். திருடன்! ராணுவ வண்டிக்குச் சாவி கிடையாது. போர்க்களத்தில் எவன் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான்? ஒரு விசையைத் திருகினால் போதும். எவனோ திருகிவிட்டான்!

முன்னறைக்கும் பின்பெட்டிக்கும் நடுவே ஒரு சின்னச் சாளரம் உண்டு. நோயாளி இருக்கிறானா போய்விட்டானா என்று ஓட்டுநர் எட்டிப் பார்ப்பதற்கு. அதை இரண்டு கையாலும் தட்டினார்.

"ஐயா! யாரா இருந்தாலும் சரி! வண்டியை எடுத்துக்குங்க! அடுப்பையும் எடுத்துக்குங்க! என்னை மட்டும் எறக்கி விட்டுடுங்க, வயசானவன்!"

சாளரம் நகர்ந்தது. ஒரு பின்னந்தலை தெரிந்தது. வெள்ளி நிற முடி, கச்சிதமாகச் சுருட்டப்பட்டது.

"முழிச்சிட்டியா? நான்தான்."

"அப்பாடா, ரோஸி, நீயா! நான் திருடன்னு…" என்றவர் அங்கேயே நின்றார். ரோஸி! சந்தைக்குப் போகிற சின்னக் காரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத ரோஸி! திருடனாக இருந்தாலாவது ஓட்டத் தெரிந்தவனாக இருப்பான். "யேசு மரியே! ரோஸி, நிறுத்து!"

"எப்படி நிறுத்தறது?"

"பிரேக்கை மிதி!"

"எந்தப் பிரேக்கை? பிரேக்தான் இல்லைன்னு நீ சொன்னியே."

வண்டி ஒரு கொண்டைஊசி வளைவில் திரும்பியது. ஹெர்விக் படுக்கையிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து படுக்கைக்கும் போய்வந்தார்.

"அப்போ மெதுவாவது போயேன்!"

"ஏத்தத்துல காலை எடுத்தா பின்னாடி உருண்டுடாதா? எனக்குப் பயமா இருக்கு, ஹெர்வி. பிரேக்கில்லாத வண்டியை நான் ஓட்டினதே இல்லை. மேலே போனதும் இறக்கம் வருமே, அங்க என்ன பண்றது?"

"ரோஸி…"

"நேரா பள்ளத்தாக்குதான்னு சொன்னே. நம்ம கல்யாணக் கதையையே ஒரே சொல்லுல சொல்லிட்டே, போ. ஏதாவது பேசணும்னா இப்பவே பேசிடு."

இடப்பக்கம் ஒரு கல் பெயர்ந்து கீழே போன சத்தம் கேட்டது. போய்க்கொண்டே இருந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் வரவேயில்லை. ஹெர்விக்கின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்துக் கத்தினார்.

"பிரேக் இருக்கு!"

"என்ன?"

"இருக்கு! நல்லாவே இருக்கு! கல்லு மாதிரி நிக்கும்! நான் பொய் சொன்னேன்!"

"சும்மா என் பயத்தைப் போக்கறதுக்காகச் சொல்றே. எண்ணெய் ஒழுகினதை என் கண்ணால பாத்தேனே."

"அது பிரேக் எண்ணெய் இல்லை, ரோஸி!"

"பின்னே?"

ஹெர்விக் கண்ணை மூடிக்கொண்டார். "பூசணிவிதை எண்ணெய்."



"எந்தப் பூசணிவிதை எண்ணெய்?"

"உன் அலமாரியில… மேல்தட்டுல… அந்தக் கறுப்பு பாட்டில்."

"என் அக்கா கொடுத்த எண்ணெயா? சாலட்டுல சொட்டுச் சொட்டா எண்ணி ஊத்தறேனே, அதையா? அதைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு ஊத்தினியா!"

ரோஸ்விதா பிரேக்கை மிதித்தாள். பிரேக் நன்றாகவே வேலை செய்தது. வண்டி கல்லு மாதிரி நின்றது. ஹெர்விக் மட்டும் நிற்கவில்லை. சாளரம்வரை பறந்துவந்து மூக்கை ஒட்டவைத்துக்கொண்டார். ஒட்டின மூக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரோஸ்விதாவினுடையதல்லாத ஒரு சிரிப்பு வெடித்தது. அது ஆற்றுக்கு அக்கரையில் கேட்கிற சிரிப்பு.

"நான்தான் அப்பவே கேட்டேனே, ரோஸி" என்றாள் புர்கி, பக்கத்து இருக்கையிலிருந்து. "பிரேக் எண்ணெயை எங்க வீட்டுப் பூனை நக்குமான்னு!"

பள்ளத்தாக்கு ஒருபக்கம், புர்கியின் வாய் ஒருபக்கம். எது ஆழம் என்று ஹெர்விக்கால் சொல்ல முடியவில்லை.

"நீ… நீ எப்போ ஏறினே?"

"இவ ஓட்டக் கத்துக்கிட்டதே என்கிட்டதான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நீ சீட்டாடப் போவியே, நாங்க இதை எடுத்துக்கிட்டு மலைக்குப் போவோம். உன் பொண்டாட்டி வளைவுல என்னைவிட நல்லா ஒடிக்கிறா."

வண்டி மறுபடி நகர்ந்தது.

"ரோஸி! எல்லாத்தையும்தான் சொல்லிட்டேனே!"

"எங்க எல்லாத்தையும் சொன்னே? அந்த வாயு நாத்தம்?"

"முட்டை."

"என்ன முட்டை?"

"அழுகின முட்டை. அடுப்புக்குப் பின்னாடி வெச்சேன்."

"தொட்டி ஒழுகினது?"

"நானே ஓட்டை போட்டேன். அப்புறம் நானே அடைச்சேன். அடைப்பு நல்லா வந்துது" என்றார். அந்த நிலையிலும் ஒரு வேலைக்காரனின் பெருமை.

"ஏன் ஹெர்வி?" ரோஸ்விதாவின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "ஒவ்வொரு வருஷமும் கடைக்கு வர்றவங்க தலையையெல்லாம் கையில பிடிச்சுக்கிட்டு, 'இந்தக் கோடையில கிளம்பறோம்'னு சொன்னேன். போன வருஷம் அவங்களே கேக்கறதை நிறுத்திட்டாங்க. கண்ணாடியில என்னைப் பாத்துப் பாவமா சிரிச்சாங்க. என்கூட வர்றதுக்கு உனக்கு இஷ்டமில்லையோன்னு நினைச்சேன்."

ஹெர்விக் எதிர்பார்த்த திட்டு இது இல்லை. திட்டைத் தாங்குவதற்குத் தயாராக இருந்தார். இதற்குத் தயாராக இல்லை. மூக்கைத் தடவிக்கொண்டே, பீர்க்கடையில் யாருக்கும் சொல்லாததைச் சாளரத்தில் சொன்னார்.

"பயம், ரோஸி. வேற ஒண்ணுமில்லை. விளிம்பைப் பாத்தா என் கால்ல உசிர் இருக்கறதில்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சா அது தானா பள்ளத்துப் பக்கம் திரும்பும்னு தோணுது. வெக்கமா இருந்துது. அதான்."

ரோஸ்விதா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"இதை முதல் வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றாள் ரோஸ்விதா மெதுவாக. "ஏரிக்கரைக்குப் போயிருப்போம். தட்டையா இருக்கும். எனக்கும் ஏரிதான் பிடிக்கும்."

ஹெர்விக் படுக்கையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத் துரு, ஓட்டை, முட்டை, எண்ணெய் எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஊர்வலம் போயின.

வண்டி நின்றது. புர்கி பின்கதவைத் திறந்தாள். மலையுச்சிக் காற்று உள்ளே புகுந்தது. ஹெர்விக் நான்கு காலில் இறங்கி, புல்லை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மேய்ந்த மாடு ஒன்று, 'இவனும் மேயவா வந்தான்?' என்பது போலப் பார்த்து நகர்ந்தது. ரோஸ்விதா அந்த நாறாத அடுப்பில் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். உயிர் கொஞ்சம் திரும்பியது.

"தப்புதான், ரோஸி. மன்னிச்சுடு. எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போவோம்."

"போ."

"போன்னா? நீங்க?"

"நாங்க அல்பேனியா போறோம். புர்கிக்கு லீவு. இவளுக்கும் கடல் பாக்கணுமாம். நீயும் வரணும்னு வற்புறுத்த மாட்டேன். உனக்குப் பயம்னு இப்பத்தான் தெரிஞ்சுதே, பாவம்."

அலமாரிகளில் கலகலத்தவை வெறும் டப்பாக்களல்ல, புர்கியின் சாமான்களும்தான் என்று ஹெர்விக்குக்கு அப்போது புரிந்தது.

"அப்போ… நான் எப்படி எறங்கறது?"

"நடந்து போயேன். சாயங்காலத்துக்குள்ள ஊர் வந்துடும். விளிம்பு ஓரமா போகாதே. எதிர்ல மாடு வந்தா மட்டும் ஓரம் ஒதுங்கு."

ஹெர்விக் வந்த வழியை ஓரக் கண்ணால் பார்த்தார். அவிழ்ந்த செருப்புக் கயிறு மாதிரி அது மலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மாடு நின்றது.

"சாப்பாடு?"

"முட்டை இருக்கு. நல்ல முட்டை."

"பீர்க்கடைக்குப் போய் உக்காரலாம்னா…"

"தாராளமா போ" என்றாள் புர்கி, கைபேசியைப் பைக்குள் போட்டபடி. "இப்பத்தான் என் தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். உனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. சாலட்டோட."

ஹெர்விக் யோசித்தார். மலை பயங்கரம்தான். ஆனால் மலை வாயைத் திறந்து எதையும் கேட்காது. வண்டிக்குள் திரைச்சீலை இருக்கிறது. ஊருக்குத் திரைச்சீலை கிடையாது. எந்தப் பயணத்தைத் தள்ளிப் போட அத்தனை பாடுபட்டாரோ, அதே பயணத்துக்காக அவர் புல்லில் முழங்காலிட்டபடியே நிமிர்ந்தார்.

"ரோஸி, என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

ரோஸ்விதா புர்கியைப் பார்த்தாள். "என்ன சொல்றே?"

"பாத்திரம் கழுவுவானா?"

"கழுவுவேன்" என்றார் ஹெர்விக்.

"வளைவுல கத்துவானா?"

"கத்த மாட்டேன். திரையை மூடிக்கிட்டுப் படுத்துக்கறேன். சத்தியமா!"

"சரி, வரட்டும்" என்றாள் புர்கி. ரோஸ்விதா குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கை கதகதப்பாக இருந்தது. அந்த மலையிலேயே கெட்டியான பொருள் அதுதான் என்று ஹெர்விக்குக்குத் தோன்றியது. மனம் லேசாகி வண்டிப் பக்கம் நடந்தார்.

"என் படுக்கையில கொஞ்சம் சாயறேன், ரோஸி. மூக்கு வலிக்குது."

"அது இனிமே எனக்கும் புர்கிக்கும். உனக்கு மேலே."

"மேலேன்னா?"

ரோஸ்விதா விரலால் காட்டினாள். வண்டியின் கூரைமேல், சிவப்புச் சிலுவைக்கும் மேலே, மஞ்சள் நிறத்தில் ஒரு கூடாரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"நீ குறட்டை விட்டப்போதான் மாட்டினோம். ஏணி பின்பக்கம் இருக்கு, பாத்து ஏறு ஹெர்வி, விளிம்புல கைப்பிடி கிடையாது."